இங்கிலாந்தில் பார்க்கிங் டிக்கெட்டை எதிர்ப்பது எப்படி: சிறு நகரங்களில் கார் ஓட்டுபவர்களுக்கு

வேலைக்கோ படிப்புக்கோ இங்கிலாந்து வந்து, லண்டனுக்கு வெளியே ஒரு சிறு நகரத்தில் கார் ஓட்டத் தொடங்கியவர்களுக்கான விளக்கம் இது. கண்ணாடியில் டிக்கெட்டைப் பார்த்ததும் நம்மவர்கள் பலர் பயந்துபோய் அன்று மாலையே பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். சிலர் டிராயரில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். இரண்டும் தப்பு. கவுன்சில் தரும் டிக்கெட் கிரிமினல் வழக்கு அல்ல, சிவில் அபராதம்தான். லைசென்ஸில் பாயின்ட் ஏறாது. எதிர்த்து எழுதச் செலவும் கிடையாது. ஆனால் கட்டாமலும் எழுதாமலும் விட்டால், 35 பவுண்டில் முடிந்திருக்க வேண்டியது பல நூறு பவுண்டாகி வாசலில் வந்து நிற்கும்.

(ஸ்காட்லாந்தில் நடைமுறை வேறு. இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும்.)

முதல் வேலை: யார் கொடுத்த டிக்கெட்?

தாளின் தலைப்பைப் படியுங்கள். "பெனால்டி சார்ஜ் நோட்டீஸ்" என்று இருந்து, கவுன்சில் பெயரும் 2004-ஆம் ஆண்டு டிராஃபிக் மேனேஜ்மென்ட் சட்டமும் குறிப்பிடப்பட்டிருந்தால் அது கவுன்சிலுடையது. "பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்" என்று இருந்தால் அது தனியார் கம்பெனி அனுப்பும் பில். சூப்பர்மார்க்கெட், ஜிம், சில மருத்துவமனை வளாகங்களில் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். இரண்டையும் பிசிஎன் என்றே சொல்வார்கள். தனியார் தாளும் அரசாங்கத் தாள் மாதிரியே அச்சடிக்கப்பட்டிருக்கும், ஏமாற வேண்டாம். தனியார் டிக்கெட்டுக்கு முதலில் அந்தக் கம்பெனிக்கே முறையிட வேண்டும். அவர்கள் மறுத்தால், கம்பெனி எந்தச் சங்கத்தில் உறுப்பினரோ அதைப் பொறுத்து பாப்லா அல்லது ஐஏஎஸ் என்ற அமைப்புக்குப் போக வேண்டும். இனி வருவதெல்லாம் கவுன்சில் டிக்கெட்டைப் பற்றியது.

மாவட்டக் கவுன்சில், கவுன்டி கவுன்சில் என்று இரண்டு அடுக்கு உள்ள ஊர்களில் கார் பார்க் ஒருவரிடமும் தெரு இன்னொருவரிடமும் இருக்கும். தாளில் எந்த முகவரி இருக்கிறதோ அங்கேதான் எழுத வேண்டும். மாற்றி அனுப்பினால் நாள்தான் வீணாகும்.

காரை எடுப்பதற்கு முன்

போனை எடுத்துப் படம் பிடியுங்கள். பத்தடி தள்ளி நின்று காரும் போர்டும் தரைக் கோடும் ஒரே படத்தில் வருகிற மாதிரி ஒன்று. போர்டில் உள்ள எழுத்து படிக்க முடிகிற மாதிரி ஒன்று. டாஷ்போர்டில் டிக்கெட்டோ புளூ பேட்ஜோ (மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங் அட்டை) இருந்தால் கண்ணாடி வழியாக ஒன்று. கோடு அழிந்திருந்தாலோ போர்டை மரக்கிளை மறைத்திருந்தாலோ, நீங்கள் வண்டி ஓட்டி வந்த திசையிலிருந்து அது எப்படித் தெரிந்தது என்பதற்கும் ஒரு படம் வேண்டும். மறுநாள் போய் எடுக்கும் படத்துக்கு மதிப்புக் குறைவு. அதற்குள் கிளையை வெட்டிவிட்டால் உங்களிடம் சாட்சியே இல்லை.

டிக்கெட் போடும் ஊழியரான வார்டனிடம் வாக்குவாதம் செய்யாதீர்கள். டிக்கெட்டைக் கொடுத்த பிறகு அவர் நினைத்தாலும் திரும்ப வாங்க முடியாது. பேசுவதெல்லாம் அவருடைய குறிப்பில் ஏறும், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் கவுன்சில் தளத்தில் பிசிஎன் எண்ணையும் வண்டி எண்ணையும் போட்டுப் பாருங்கள். வார்டன் எடுத்த படங்கள் பெரும்பாலும் அங்கே இருக்கும். பல வழக்குகள் இந்த இடத்திலேயே தெளிவாகிவிடும்: அவர் படத்திலேயே போர்டு இல்லை என்றால் உங்கள் பக்கம் பலம், சக்கரம் இரட்டை மஞ்சள் கோட்டின்மேல் நிற்கிறது என்றால் பேசாமல் பாதிப் பணத்தைக் கட்டிவிடுங்கள்.

தொகையும் நாளும்

லண்டனுக்கு வெளியே பெரும்பாலான கவுன்சில்களில் மஞ்சள் கோடு, மாற்றுத்திறனாளி இடம் போன்றவற்றுக்கு 70 பவுண்டு. கட்டிய நேரம் தாண்டியது போன்ற சிறியவற்றுக்கு 50. சில இடங்களில் 60, 40. டிக்கெட் வைத்த நாளையும் சேர்த்து 14 நாளுக்குள் கட்டினால் பாதி.

பணம் கட்டினால் வழக்கு முடிந்தது. "முதலில் கட்டிவிட்டு அப்புறம் கேட்கலாம்" என்பது இங்கே நடக்காது. மாறாக, அந்த 14 நாளுக்குள் எதிர்த்து எழுதினால், மறுத்தாலும் பாதித் தொகைக்கு மீண்டும் 14 நாள் தரவேண்டும் என்பது அரசின் வழிகாட்டுதல். கவுன்சில்கள் பொதுவாக அப்படியே செய்கின்றன. ஆகவே நியாயமான காரணம் இருந்தால் முதல் இரண்டு வாரத்துக்குள் எழுதுவதில் நஷ்டமில்லை. பதினைந்தாம் நாள் எழுதினாலும் படிப்பார்கள். சலுகை மட்டும் போயிருக்கும்.

எந்தக் காரணம் எடுபடும்?

டிக்கெட்டில் ஒரு கோட் எண் இருக்கும். 01 என்றால் தடை செய்த தெருவில் நிறுத்தியது, 05 என்றால் கட்டிய நேரம் முடிந்த பிறகும் நின்றது, 40 என்றால் பேட்ஜ் இல்லாமல் மாற்றுத்திறனாளி இடத்தில் நின்றது. உங்கள் பதில் அந்தக் கோட் எண்ணுக்கு இருக்க வேண்டும், பொதுவான புலம்பலாக இருக்கக் கூடாது.

அதிகம் பயன்படுவது 10 நிமிடச் சலுகை. கவுன்சில் கார் பார்க்கிலும், தெருவில் குறித்த நிறுத்துமிடங்களிலும், கட்டிய நேரமோ அனுமதித்த இலவச நேரமோ முடிந்து 10 நிமிடம் ஆகும்வரை டிக்கெட் போடக் கூடாது என்பது சட்டம். இரண்டு மணி வரை கட்டியிருந்து 2:08க்கு டிக்கெட் என்றால் ரத்தாக வேண்டும். பணமே கட்டாதவருக்கு இது கிடையாது. மஞ்சள் கோட்டுக்கும் கிடையாது. "அஞ்சு நிமிஷம்தான் நின்னேன்" என்று மஞ்சள் கோட்டு வழக்கில் எழுதுவது வீண்.

மஞ்சள் கோட்டில் வேறு வாசல் இருக்கிறது. நடைபாதை விளிம்பில் குறுக்காகச் சிறு மஞ்சள் கீற்றுகள் இல்லையென்றால், அங்கே சாமான் ஏற்றி இறக்க அனுமதி உண்டு. ஆள் ஏற்றி இறக்கவும் உண்டு. வாஷிங் மெஷின் இறக்கினீர்கள் என்றால் கடை பில்லோ டெலிவரி தாளோ காட்டுங்கள். ஒரு பை காய்கறியை ஏற்றி இறக்கும் கணக்கில் சேர்ப்பது கடினம். ஒற்றைக் கோட்டுக்கு நேரம் சொல்லும் பலகை பக்கத்தில் இருக்க வேண்டும். இரட்டைக் கோட்டுக்குப் பலகை தேவையில்லை. ஒற்றைக் கோட்டில் ஒரு சிக்கல்: அந்தப் பகுதி முழுவதும் கட்டுப்பாட்டு மண்டலமாக இருந்தால், நேரம் மண்டலத்தின் நுழைவிலேயே எழுதியிருக்கும், தெருவில் பலகை இருக்காது. "பலகை இல்லை" என்று எழுதுமுன் ஊருக்குள் நுழையும் சாலைகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பணம் கட்டியும் டிக்கெட் வந்திருக்கிறதா? ஆப்பில் வண்டி எண்ணின் ஓர் எழுத்து மாறியிருக்கலாம், இடத்தின் எண் தவறியிருக்கலாம், காகித டிக்கெட் கதவுக் காற்றில் கவிழ்ந்திருக்கலாம். ரசீதை இணைத்தால் முதல் தடவைக்கு விட்டுவிடும் கவுன்சில்கள் உண்டு. எந்தெந்தச் சூழலில் ரத்து செய்வோம் என்ற கொள்கையைப் பல கவுன்சில்கள் தளத்திலேயே போட்டிருக்கும். அதைத் தேடி, உங்கள் நிலைக்குப் பொருந்தும் வரியை அப்படியே எடுத்து எழுதுங்கள். மெஷின் பழுது என்றால் அதன் எண், நேரம், திரையின் படம் மூன்றும் வேண்டும். பக்கத்து மெஷினும் ஆப்பும் ஏன் உதவவில்லை என்றும் சொல்ல வேண்டியிருக்கும்.

சந்தை கூடும் ஊர்களில் இன்னொன்று. சதுக்கத்தில் மற்ற நாள்களில் நிறுத்தலாம், சந்தை நாளில் விடியற்காலையிலிருந்தே கூடாது என்று பலகையில் சிறிய எழுத்தில் இருக்கும். இரவு விட்ட கார் காலையில் மாட்டும். நிரந்தரப் பலகை இருந்தால் தப்பிப்பது கடினம். நீங்கள் நிறுத்திய பிறகு தற்காலிகப் பலகை வைத்திருந்தால் எதிர்க்கலாம்.

வேலைக்கு ஆகாதவை: மற்றவர்களும் நிறுத்தியிருந்தார்கள், ஊருக்குப் புதுசு, வார்டன் மரியாதை இல்லாமல் பேசினார், தெருப் பெயரில் எழுத்துப்பிழை, கோட்டில் கையளவு இடைவெளி. குறியீடு மொத்தத்தில் தெளிவாக இருந்ததா என்பதைத்தான் பார்ப்பார்கள்.

எழுதும் முறை

ஆங்கிலத்தில், பத்து வரிக்குள், கவுன்சிலின் ஆன்லைன் படிவத்தில் எழுதுங்கள். பொருள் இப்படி இருக்கட்டும்:

"பிசிஎன் எண் இது, வண்டி எண் இது. இந்தத் தேதியில் இந்தக் கார் பார்க்கில் 2:00 மணி வரை பணம் கட்டியிருந்தேன். ரசீது இணைப்பு 1. நோட்டீஸில் உள்ள நேரம் 2:08. படம் இணைப்பு 2. 10 நிமிடச் சலுகை முடியாததால் விதிமீறல் நடக்கவில்லை. நோட்டீஸை ரத்து செய்யக் கேட்டுக்கொள்கிறேன்."

கோபம் வேண்டாம், குடும்பக் கதை வேண்டாம். மருத்துவ அவசரம் போன்ற உண்மையான காரணம் இருந்தால் மட்டும் ஆதாரத்தோடு தனியாகச் சொல்லுங்கள். அனுப்பியதும் திரையைப் படம் பிடித்து வையுங்கள்.

மறுத்தால்

இங்கேதான் யோசித்து முடிவெடுக்க வேண்டும். மறுப்புக் கடிதத்தோடு சலுகை மீண்டும் வந்திருந்தால், 35 பவுண்டு கட்டி முடிக்கலாம், அல்லது 70 பவுண்டைப் பணயம் வைத்து மேலே போகலாம். கவுன்சிலின் பதில் உங்கள் ஆதாரத்தைத் தொடாமல் அச்சடித்த வாசகமாக இருந்தால் மேலே போவதே சரி. ஆதாரம் இல்லாமல் மனக்குறை மட்டும் இருந்தால் கட்டிவிடுவது நல்லது.

மேலே போக அவசரப்பட்டு ஒன்றும் செய்ய வேண்டாம். டிக்கெட் வைத்து 28 நாள் கழிந்த பிறகு, காரின் பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு "நோட்டீஸ் டு ஓனர்" தபாலில் வரும். அதற்கு 28 நாளுக்குள் முறையான எதிர்ப்பை அனுப்ப வேண்டும். முன்பு எழுதியதைத் திரும்ப எழுத வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். ஆமாம், எல்லாப் படங்களோடும். கவுன்சில் 56 நாளுக்குள் பதில் தராவிட்டால் உங்கள் எதிர்ப்பை ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. கேமராவில் பிடித்துத் தபாலில் வரும் டிக்கெட்டில் முதல் கட்டம் கிடையாது. நேராக இந்தக் கட்டம்தான்.

மறுபடியும் மறுத்தால், கடிதத்தில் உள்ள விவரத்தை வைத்து 28 நாளுக்குள் டிராஃபிக் பெனால்டி டிரிப்யூனலில் மேல்முறையீடு செய்யலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. விசாரிப்பவர் கவுன்சிலைச் சாராத சட்ட வல்லுநர். ஆன்லைனில் தாள்களை மட்டும் வைத்தும் முடிக்கலாம், போனிலோ வீடியோவிலோ பேசவும் செய்யலாம். கவுன்சில் தன் ஆதாரங்களைப் பதிவேற்றியதும் தெருவுக்கான டிராஃபிக் உத்தரவின் (அங்கே நிறுத்தும் விதியை வகுக்கும் சட்ட ஆவணம்) நகலைத் தேடிப் படியுங்கள். உத்தரவில் உள்ள நேரமும் பலகையில் உள்ள நேரமும் ஒத்துப்போகாவிட்டால் அதுவே பெரிய பிடி.

வீடு மாறியவர்களுக்கு

நோட்டீஸ் டு ஓனருக்குப் பதில் போகாவிட்டால் தொகை பாதி மடங்கு கூடி 70 என்பது 105 ஆகும். அதற்குப் பிறகு நார்தாம்ப்டனில் உள்ள டிராஃபிக் என்ஃபோர்ஸ்மென்ட் சென்டரில் பதிவாகி, பாக்கியை வசூலிக்கும் பெய்லிஃப் கைக்குப் போகும். அவர்கள் கட்டணம் தனி. இதில் மாட்டுபவர்களில் பலர் வீடு மாறி, வி5சி என்ற கார் பதிவுப் புத்தகத்தில் முகவரி மாற்றாதவர்கள். தபாலெல்லாம் பழைய வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். லைசென்ஸில் முகவரி மாற்றியது இதற்குப் போதாது, அது வேறு பதிவு.

நோட்டீஸே வரவில்லை என்றால் டிஇ9 என்ற படிவத்தில் வாக்குமூலம் தரலாம். அந்த சென்டரில் பதிவானதும் வரும் வசூல் உத்தரவு கிடைத்ததிலிருந்து 21 நாள் அவகாசம். தாமதமானால் கூடுதலாக டிஇ7 படிவத்தில் காரணம் சொல்ல வேண்டும். ஏற்றுக்கொண்டால் டிக்கெட் ரத்தாகாது. பழைய கட்டத்துக்குத் திரும்பும், அங்கிருந்து வாதாடலாம். படிவத்தில் உள்ள காரணங்களில் உண்மையானதை மட்டும் குறியுங்கள், பொய் வாக்குமூலத்துக்குத் தண்டனை உண்டு. வி5சியில் முகவரி மாற்ற, வண்டிப் பதிவைக் கவனிக்கும் அரசு அமைப்பான டிவிஎல்ஏ தளத்தில் காசு கேட்க மாட்டார்கள். கூகுளில் மேலே விளம்பரமாக வரும் தளங்கள்தான் கேட்கும்.