மாரியில் வெண்பனி தேடிப் போவோருக்கு: திருகோணமலையிலிருந்து ஹொக்கைடோ

திருகோணமலையில் வாடைக்காற்று எழும்பி, கொட்டியாரக் குடாவின் சிறுதோணிகள் கரையேற்றப்பட்டு, மாரி மழை ஓயாமல் பெய்யும் அதே மாதங்களில்தான் ஜப்பானின் வடகோடித் தீவாகிய ஹொக்கைடோவில் வெண்பனி கொட்டுகிறது. இரண்டும் நிகழும் விதமும் ஏறக்குறைய ஒன்றே. நமக்கு வடகீழ்க் காற்று வங்காள விரிகுடாவின் ஈரத்தை அள்ளிவந்து கிழக்குக் கரையில் மழையாக இறக்குகிறது; அங்கே சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கையில் அதன் ஈரத்தை ஏற்று, தீவின் மேற்குப் புற மலைகளில் மோதி வெண்பனியாகச் சொரிகிறது. தீவின் தலைநகரான சப்போரோவில் மட்டும் ஒரு பருவத்தில் ஏறத்தாழ 5 மீற்றர் வெண்பனி விழுகிறது.

மாரியில் கொழும்புக்குப் புறப்படும் நம்மவர், வெள்ளம் பெருகினால் பாதை மறிபடும் என்று ஒரு நாளைக் கையில் வைத்துக்கொண்டே புறப்படுவர். ஹொக்கைடோவுக்குத் திட்டமிடும்போதும் வேண்டியது அந்தப் புத்திதான். ஆனால் ஜப்பான் என்றவுடன் எல்லாம் நிமிடம் தவறாமல் நடக்கும் என்று நம்பி, ஏழு நாளுக்குள் ஆறு ஊர்களைத் திணித்துவிடுகிறோம். முதற்பயணத்தில் நானும் அப்படித்தான் செய்து, இரண்டு ஊர்களைப் புகையிரத நிலைய வாங்கில் இருந்தபடியே இழந்தேன்.

எந்த வாரம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

டிசம்பர் பாடசாலை விடுமுறை வசதியானதாகத் தோன்றினாலும் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். சப்போரோவில் வெண்பனி கரையாமல் நிலைக்கத் தொடங்குவதே பெரும்பாலும் டிசம்பர் முற்பகுதியில்தான்; ஆண்டு இறுதியிலோ ஜப்பானியர்களே ஊர் திரும்புவதால் இருக்கைகள் நிரம்பி, புத்தாண்டு தொடங்கி மூன்று நாள்வரை பல கடைகள் மூடிக்கிடக்கும். பகலும் மிகக் குறுகியது. டிசம்பர் நடுப்பகுதியில் அங்கே மாலை 4 மணிக்கே சூரியன் மறைந்துவிடுகிறது. ஆறு மணி வெளிச்சத்தில் கடற்கரையில் நடந்து பழகிய நமக்கு, மதிய உணவை முடித்துவிட்டு வெளியே வந்தால் பொழுதே போய்விட்டது என்பது ஒரு திகைப்புத்தான். ஆகவே வெளியிடங்களைக் காலையிலும், கடைகளையும் வெந்நீர்க் குளியலையும் மாலையிலுமாக வகுத்துக்கொள்ள வேண்டும்.

தைப்பொங்கல் முடிந்த கையோடு, ஜனவரியின் பிற்பகுதியில் புறப்படுவது சிறந்தது. பெப்ரவரித் தொடக்கத்தில் நடைபெறும் சப்போரோ வெண்பனி விழாவையும் பார்த்தே ஆகவேண்டும் என்பவர்கள், விடுதியைப் பல மாதங்கள் முன்னதாகவே பதிவுசெய்ய வேண்டும். 1950இல் பாடசாலை மாணவர்கள் நகர நடுவிலுள்ள ஓடோரிப் பூங்காவில் ஆறு பனிச்சிலைகளை அமைத்ததில் தொடங்கிய இவ்விழா, இன்று மாடிக் கட்டடத்தையும் மிஞ்சும் உயரச் சிலைகளோடு அப்பூங்காவின் நீளத்துக்குப் பரந்து கிடக்கிறது. பார்ப்பதற்குக் கட்டணமில்லை, ஆனால் அந்த வாரத்தில் விடுதி வாடகை ஏறிவிடும். விழா முடிந்த அடுத்த வாரமோ கூட்டம் குறைந்து, வெண்பனி அப்படியே இருக்கும். தீவின் வடகிழக்குக் கரையிலுள்ள அபாஷிரியில் ஒக்கோட்ஸ்க் கடலிலிருந்து பனிப்பாளங்கள் மிதந்து வருவதும் அந்த நாட்களில்தான். பாளங்களைப் பிளந்து செல்லும் கப்பலில் ஏறலாம் என்றாலும், காற்றுத் திரும்பினால் பாளங்கள் ஒரே இரவில் விலகிவிடும். சப்போரோவிலிருந்து அங்கே போகப் புகையிரதத்தில் ஐந்து மணி நேரத்துக்கும் மேல் ஆகுமாகையால், இரண்டு இரவுகளை ஒதுக்க முடியாதவர் அதை விட்டுவிடுவதே நல்லது.

விசாவும் விமானமும்

இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஜப்பான் விசா கட்டாயம். ஒருமுறை நுழைவு விசா, வழங்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்கே செல்லுபடியாகும். அந்தக் காலம் நீடிக்கப்படமாட்டாது. எனவே பெப்ரவரிப் பயணத்துக்குச் செப்டெம்பரிலேயே விசா எடுத்துவைப்பது வீண். நவம்பர் இறுதியில் ஆவணங்களைச் சேர்த்து டிசம்பரில் விண்ணப்பிப்பது பொருந்தும். வங்கிக் கூற்று, தொழில் உறுதிக் கடிதம், விமான முற்பதிவு என்பவற்றோடு ஒவ்வொரு நாளும் எந்த ஊரில், எந்த விடுதியில் தங்குவீர்கள் என்ற நாள்வாரி அட்டவணையையும் கொடுக்க வேண்டும். இதைத் தொல்லையாகக் கருதாதீர்கள். உங்கள் திட்டத்திலுள்ள ஓட்டைகள் அந்தத் தாளை நிரப்பும்போதுதான் தெரியவரும். விண்ணப்பத்துக்குத் தேவையானவற்றின் பட்டியலைக் கொழும்பிலுள்ள ஜப்பான் தூதரகத்தின் இணையத்தளத்தில் பாருங்கள். முன்னர் போய்வந்தவரின் வாய்வார்த்தையை நம்பிப் போகாதீர்கள்.

கட்டுநாயக்கவிலிருந்து டோக்கியோவின் நரித்தா நிலையத்துக்கு நேரடி விமானம் உண்டு. அங்கிருந்து சப்போரோவுக்கு அருகிலுள்ள புதிய சித்தோசே விமான நிலையத்துக்கு உள்நாட்டு விமானத்தில் ஒன்றரை மணி நேரமளவு ஆகும். சுரங்கத்தின் வழியே கடலைக் கடக்கும் ஆசை உள்ளவர்கள், 53.85 கிலோமீற்றர் நீளமான செய்க்கான் சுரங்கத்தினூடாகத் தீவின் தென்முனை நகரான ஹக்கோடேட் பக்கம்வரை அதிவேகப் புகையிரதத்தில் போகலாம். அந்தப் பாதை 2016 முதல் இயங்கினாலும் சப்போரோவரை இன்னும் நீளவில்லை. ஹக்கோடேட்டிலிருந்து மேலும் மூன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் வேறு வண்டியில் போக வேண்டும். நாடு முழுவதற்குமான ஏழு நாள் புகையிரத அனுமதிச்சீட்டு 2023 ஒக்டோபரில் 50,000 யென்னாக உயர்ந்துவிட்டதால், ஹொக்கைடோவை மட்டும் பார்க்கப் போகிறவருக்கு அது கட்டுப்படியாகாது; தீவுக்கென்றே தனி அனுமதிச்சீட்டு உண்டு.

ஒரே ஊரில் பாயை விரியுங்கள்

என் அனுபவத்தில், எட்டு இரவுகள் உள்ள ஒருவர் ஐந்தைச் சப்போரோவிலும், இரண்டை ஒரு வெந்நீரூற்று ஊரிலும், ஒன்றை டோக்கியோவிலும் செலவழிப்பதே போதுமானது. பெட்டியை வெண்பனிக்குள் இழுத்துச் செல்வது எத்தகைய வேலை என்பதைச் செய்து பார்த்தவரே அறிவர்; சில்லுகள் உருளாமல் கலப்பைபோல் உழுதுகொண்டு வரும். சப்போரோவில் நிலத்தடிப் புகையிரதம் 1972 குளிர்கால ஒலிம்பிக்குக்குச் சற்று முன்னர், 1971 டிசம்பரில் திறக்கப்பட்டது. மேலே எவ்வளவு கொட்டினாலும் அது பெரும்பாலும் ஓடும். மத்திய நிலையத்திலிருந்து ஓடோரிவரையும் அதற்கு அப்பாலும் நிலத்துக்குக் கீழேயே நடைபாதை இருப்பதால், அந்த வழியை ஒட்டிய விடுதியைத் தேர்ந்தால் சறுக்கும் தெருக்களில் பாதியைத் தவிர்த்துவிடலாம். விடுதியின் விலையைப் பார்க்கும் முன் வரைபடத்தைப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

பகல் பயணமாக, அருகிலுள்ள ஒட்டாரு என்னும் ஊருக்குப் போகலாம். முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடும் அந்தத் தொடருந்தில் வலப்பக்க யன்னலோரம் அமர்ந்தால், தண்டவாளத்தை ஒட்டியே கடல் வரும். சாம்பல் நிறக் கடலில் வெண்பனி விழுந்து மறைவதைத் துறைமுக ஊரில் பிறந்த எவரும் எளிதில் மறக்கமாட்டார். 1923இல் முடிக்கப்பட்ட கால்வாயும் அதன் கரையிலுள்ள கற்பண்டகசாலைகளும் மாலை விளக்கேற்றிய பின்னரே அழகு. அசாஹிகாவா மிருகக்காட்சிச்சாலையில் பென்குவின்கள் வரிசையாக நடக்கவிடப்படுவதைப் பார்க்கவும் ஒரு நாள் ஒதுக்கலாம். ஆனால் அந்த ஊர் சப்போரோவைவிடக் குளிரானது. ஜப்பானின் மிகத் தாழ்ந்த வெப்பநிலையாகிய மறை 41 பாகை 1902 ஜனவரி 25ஆம் திகதி அங்கேதான் பதிவானது.

வாகனத்தை வாடகைக்கு எடுத்து நீங்களே ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதே. அங்கும் இடப்பக்கமாகவே ஓட்டுகிறார்கள் என்பது நம்மைத் துணியச் செய்யும். ஆயினும் கண்ணாடிபோல் உறைந்த பாதையில் தடுப்பை மிதித்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் கால்களுக்குப் பழக்கமே இல்லை.

உடுப்பும் சப்பாத்தும்

சப்போரோவின் ஜனவரிப் பகல் பூச்சியப் பாகையை ஒட்டியும், இரவு மறை 6 அல்லது 7 பாகையளவிலும் இருக்கும். கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ வந்த உறவினர் விட்டுச்சென்ற தடித்த ஜக்கெட் நம் ஊரில் பல வீட்டு அலுமாரிகளில் தூங்குகிறது. முதலில் அதைக் கேட்டுப் பெறுங்கள். உள்ளே பருத்திப் பனியன் வேண்டாம், வியர்வையை வைத்துக்கொண்டு குளிரும். உடலோடு ஒட்டிய மெல்லிய செயற்கை இழை அல்லது கம்பளி உள்ளுடை, அதன்மேல் ஒரு கம்பளிச் சட்டை, அதன்மேல் காற்றுப் புகாத ஜக்கெட் என மூன்று அடுக்கு போதும். ஒரே தடித்த அடுக்காக உடுத்துவது தவறு. ஏனெனில் கடைகளுக்குள்ளும் தொடருந்துகளுக்குள்ளும் வெப்பமூட்டி எரிவதால், உள்ளே போய் இரண்டு நிமிடத்தில் நம் ஊர்ச் சித்திரை வெயில்போல் வியர்த்துவிடும். கழற்றி மாட்டக்கூடியதாக இருக்க வேண்டும்.

சப்பாத்தைச் சப்போரோவில் வாங்குவதே நல்லது. வாகனங்கள் ஏறி ஏறி மெருகேற்றிய சந்திப் பனியை அவர்கள் "ட்சுரு ட்சுரு" என்கிறார்கள். நாம் சொல்லும் "வழுவழு"வேதான். முதல் நாளே கன்வஸ் சப்பாத்தோடு அப்படியொரு சந்தியில் நான் மல்லாந்து விழ, எனக்குக் கைகொடுக்க வந்த மனைவியும் அருகிலேயே விழுந்தார். பாதசாரிகள் தாங்களாகவே தூவிக்கொள்ளச் சந்திகளில் சரளை மணல் பைகள் வைத்திருப்பதை அதன் பிறகுதான் கவனித்தோம். சப்பாத்தின் அடியில் மாட்டும் முட்பட்டியும் கடைகளில் கிடைக்கும். சிறு சிறு அடியாக, முழுப் பாதமும் ஒரே நேரத்தில் நிலத்தில் படும்படி, கைகளைச் சட்டைப்பைக்குள் விடாமல் நடக்க வேண்டும்.

"கைரோ" என்னும் சூட்டுப் பொட்டலத்தை முதல் நாளே வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே இரும்புத் தூளும் உப்பும் ஈரமும் கரியும் இருக்கும். உறையைக் கிழித்ததும் காற்றுப் பட்டு இரும்பு துருவேறுகையில் சூடு பிறந்து பல மணி நேரம் நீடிக்கும். ஒட்டும் வகையை உள்ளுடையின் மேல் ஒட்ட வேண்டுமேயன்றித் தோலில் ஒட்டக்கூடாது, சூடு மெதுவாக ஏறித் தோலைப் பொசுக்கிவிடும். கைபேசியையும் உட்பையில் வையுங்கள். குளிரில் அதன் மின்கலம் சட்டென்று இறங்கிவிடும். தேங்காயெண்ணெய்ப் போத்தலோ விடுதி அறையிலேயே வெள்ளை மெழுகாக இறுகிவிடும். உதட்டுக்கும் கைக்கும் அதுதான் மருந்து என்பதால், அகன்ற வாயுள்ள டப்பாவில் கொண்டுபோனால் விரலால் தோண்டி எடுக்கலாம்.

உணவு

சைவ உணவுக்காரர்களுக்கு ஜப்பான் கடினம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. மீனே கண்ணில் படாத சூப்பிலும் காய்கறிக் கறியிலும்கூட, உலர்மீன் சீவலில் இறக்கிய "தாஷி" என்னும் சாறு பெரும்பாலும் இருக்கும். விரதகாலத்தில் போகிறவர்கள் சமையலறையுள்ள அறையை எடுத்து, பருப்பும் கறித்தூளும் புளியும் கொண்டுபோவது நன்று. பழங்கள், பச்சைக் கறிவேப்பிலை, இறைச்சிப் பண்டங்கள் ஆகியவற்றைப் பெட்டியில் வைக்காதீர்கள். விமான நிலையத்தில் பறிபோகும். அசைவர்களுக்குச் சப்போரோவின் சூப் கறி பிடித்துப்போகும். நம் ரசத்துக்கும் கோழிக்கறிக்கும் இடைப்பட்ட அந்த நீர்த்த கறியில் ஒரு கரண்டிச் சோற்றைத் தோய்த்து உண்கிறார்கள். கிண்ணியாவிலிருந்தோ மூதூரிலிருந்தோ செல்லும் முஸ்லிம்கள், சப்போரோவின் பெயர்பெற்ற மிசோ ராமென் நூடில்ஸ் பெரும்பாலும் பன்றி எலும்புச் சாற்றில் ஆவது என்பதை நினைவில் வைக்க வேண்டும். நகரில் ஒரு பள்ளிவாசல் உண்டு.

தடிமன் மாத்திரை கொண்டுபோகும்போது அதில் சூடோஎபெட்ரின் இருக்கிறதா என்று மருந்துக்கடையில் கேளுங்கள். அச்சேர்வை 10 வீதத்துக்கு மேல் கொண்ட மருந்துகளுக்கு ஜப்பானில் தடை. மின்சாரம் அங்கே 100 வோல்ற்று, செருகி இரு தட்டையான முனை உடையது; கைபேசிச் சார்ஜருக்கு மாற்றிச்செருகி போதும், நம் ஊர் மின்கேத்தல் அங்கே உருப்படியாக வேலை செய்யாது.

வெந்நீரூற்று

கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் வாளியால் அள்ளி ஊற்றிப் பழகியவர்களுக்கு நொபொரிபெட்சு என்னும் வெந்நீரூற்று ஊர் இன்னொரு உலகம். நரகப் பள்ளத்தாக்கு என்று அவர்களே பெயரிட்ட எரிமலைக் குழியிலிருந்து கந்தக மணத்தோடு ஆவி எழ, அந்நீரை விடுதிகளின் தொட்டிகளுக்குக் கொண்டுவந்து, சுற்றிலும் வெண்பனி கிடக்கக் கழுத்தளவு நீரில் மூழ்கியிருக்கிறார்கள். இறங்கும் முன் தனியிடத்தில் அமர்ந்து சவர்க்காரம் போட்டு முழுமையாகக் குளித்துவிட வேண்டும். தொட்டிக்குள் எந்த உடையும் கூடாது, சிறு துவாயும் நீரில் படக்கூடாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடம் வேறு என்றாலும், என் மாமி வாசலிலேயே திரும்பிவிட்டார். இத்தகையவர்களுக்காகவே பல விடுதிகளில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் தனித் தொட்டி இருக்கிறது. அறையைப் பதியும்போதே அதையும் கேட்டுவிடுங்கள். வெள்ளி மிஞ்சியைக் கழற்றி வைத்துவிட்டு இறங்குவது நல்லது. கந்தக நீரில் அது கறுத்துப்போகும். பொன் தாலிக்கு ஒன்றும் ஆகாது.

திரும்பும் நாள்

நொபொரிபெட்சுவைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம், அங்கிருந்து விமான நிலையம் ஏறத்தாழ ஒரு மணி நேரத் தொலைவு என்பதே. 2022 பெப்ரவரி 6இல் சப்போரோவில் ஒரே நாளில் 60 சென்ரிமீற்றர் வெண்பனி கொட்டி, சப்போரோ நிலையத்தினூடாக ஓடும் வண்டிகள் அனைத்தும் நின்றன. உள்நாட்டு விமானத்தையும் கொழும்பு விமானத்தையும் ஒரே நாளில் வைப்பவர், அப்படி ஒரு நாள் வந்தால் இரண்டையும் இழப்பார். ஒரு நாள் முன்பே டோக்கியோவுக்கு இறங்கிவிடுங்கள். பயணக் காப்புறுதியிலும் தாமதத்துக்கான இழப்பீடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வீடு வந்ததும் ஜக்கெட்டை அப்படியே அலுமாரிக்குள் திணிக்காமல், மழை விட்டு வெயில் எறிக்கும் ஒரு பகல் முழுவதும் கொடியில் காயவிடுங்கள். மாரி ஈரத்தில் ஒரு கிழமைக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும், அடுத்த வருடம் அதைக் கேட்டு யாராவது வருவார்கள்.