ஊரின் பழைய வீடுகளைப் பார்க்கப் போகிறீர்களா?

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ உள்ள உங்கள் ஊருக்குப் போனால், பழைய வீடு ஒன்றைக் காட்டி "இது ஆருடைய வீடு?" என்று கேட்காதீர்கள். இப்போது இருப்பவரின் பெயர்தான் வரும். "இது ஆருக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு?" என்று கேளுங்கள், மூன்று தலைமுறைக் கதை வரும். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெரும்பாலும் பெண்பிள்ளைக்குத்தான். மகள் கலியாணம் முடித்ததும் வீட்டை அவளுக்கு விட்டுவிட்டு, தாய் தகப்பன் பக்கத்திலேயே சின்னதாக ஒன்று கட்டிக்கொண்டு போவார்கள். குடியும், அதாவது குலப் பிரிவும், தாய்வழிதான். ஆகவே அப்பா பிறந்த வீட்டைத் தேடுகிறவர்கள் மாமியின் (அப்பாவின் சகோதரியின்) மகளிடம் போக வேண்டியிருக்கும்.

போன உடனேயே காணி உறுதியை, அதாவது காணிப் பத்திரத்தை, கேட்டுவிடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர் உறுதி கேட்டால், பங்கு கேட்க வந்துவிட்டார் என்று பயப்படுவார்கள். அந்தப் பயம் நியாயமானது. உங்களுக்குக் கதை மட்டும்தான் வேண்டும் என்பதை முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு அவர்களே உறுதியை எடுத்துக் காட்டினால் எல்லைகளை வாசியுங்கள். வடக்கே, கிழக்கே என்று அதில் இருக்கும் பெயர்கள், அந்தக் காலத்து அயலவர்களின் பெயர்கள்.

வீட்டின் வயதை அறிய, "சூறாவளிக்கு முந்தியதா?" என்று கேட்டால் போதும். 1978 நவம்பர் 23 இரவை வயதானவர்கள் மறக்கவில்லை. அன்று கூரைகள் பறந்ததால், பழைய சுவரின் மேல் புதிய ஓடு இருப்பதைப் பல இடங்களில் காணலாம். கடற்கரை ஊர்களில் 2004 சுனாமியையும் சேர்த்துக் கேளுங்கள். அங்கே சில வளவுகளில் கிணறும் அத்திவாரமும்தான் மிச்சம்.

எப்போது போவது? கண்ணகி அம்மன் கோயில் உள்ள ஊர் என்றால் வைகாசிச் சடங்குக் காலம்தான் நல்லது. வெளியூரில் இருப்பவர்களும் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்குக்கு வந்து சேர்வார்கள். கார்த்திகை, மார்கழியில் மழை வெள்ளம் வழியை மறிக்கலாம். அப்புறம், நேரம் கிடைத்தால் விபுலானந்த அடிகள் 1892இல் பிறந்த காரைதீவுக்கும், போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய மட்டக்களப்புக் கோட்டைக்கும் போய் வாருங்கள்.

பழைய குடும்பப் படங்களைப் போனில் காட்டாமல், பெரிதாக அச்சிட்டுக் கொண்டு போங்கள். அம்மம்மாமார் கையில் வாங்கி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்துத்தான் பார்ப்பார்கள். திரும்பும்போது அவற்றை அந்த வீட்டிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.