ஓவன் இல்லாமல் கேழ்வரகு பிரௌனி: கரியடுப்பில் செய்யும் முறை

ரங்கூனில் மின்சாரம் முறைவைத்து வந்து போகும் இந்த ஆண்டுகளில், ஓவன் வைத்திருப்பவர்கள்கூட அரை மணி நேரம் தொடர்ந்து அதை நம்பியிருக்க முடிவதில்லை. எங்கள் வீட்டில் ஓவன் இல்லை. கரியடுப்பும் ஒற்றை எரிவாயு அடுப்பும்தான் உண்டு. பிள்ளைகள் கடையில் வாங்கித் தின்னும் மைதா பிரௌனிக்குப் பதிலாக வீட்டிலேயே கேழ்வரகில் செய்து கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தில் தொடங்கி, நான்கு முறை தோற்று, ஐந்தாவது முறை சரியான பக்குவத்தில் எடுத்தேன். அந்த ஐந்தாவது முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தோல்வி நான்கு முறையும் ஒரே வகைதான். அடிப்பாகம் கருகியிருக்கும், மேற்பாகம் ஈரமாகக் களிபோல் இருக்கும். நெருப்பைக் குறைத்தேன், நேரத்தைக் கூட்டினேன், மாவை மாற்றினேன். எதுவும் பயன் தரவில்லை. பிறகு ஒரு நாள், தெய்ஞ்சிச் சந்தைக்குப் போகும் வழியில் சனுவின் மக்கின் சுட்டு விற்கும் ஒரு பர்மிய அம்மாவின் அடுப்பருகே நின்று பார்த்தபோது விடை கிடைத்தது. ரவையும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கிளறி, மேலே கசகசா தூவிச் சுடும் அந்தப் பலகாரத்துக்கு அடியில் வைக்கும் தணலைவிட மூடியின்மேல் வைக்கும் தணல்தான் அதிகம். நான் நான்கு முறையும் மூடியை வெறும் மூடியாகவே நினைத்திருந்தேன்.

காரணம் எளிது. மாவு வேகும்போது எழும் நீராவி, குளிர்ந்த மூடியில் பட்டு நீராகி, சொட்டுச் சொட்டாகப் பிரௌனியின்மேல் விழுகிறது. மூடி சூடாக இருந்தால் ஆவி அங்கே நீராவதில்லை; விளிம்பு இடுக்கு வழியாக வெளியேறிவிடுகிறது. அதோடு, மேலிருந்து இறங்கும் வெப்பம் மேற்புறத்தைக் காயவைத்து, பிரௌனிக்கே உரிய அந்த மெல்லிய ஏட்டையும் உண்டாக்குகிறது.

பொருள்கள்

இங்கே கடைகளில் வீசைக் கணக்குதான் வழக்கம் என்பதால் அதிலேயே சொல்கிறேன். ஒரு வீசை 100 கியத்தா, அதாவது ஏறத்தாழ 1,633 கிராம். கேழ்வரகு மாவு 8 கியத்தா (130 கிராம்), பனைவெல்லம் 10 கியத்தா (163 கிராம்), இனிப்பில்லாத கொக்கோத் தூள் 40 கிராம், வெண்ணெய் 90 கிராம், முட்டை 2, கெட்டித் தயிர் 3 மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, கைப்பிடி அளவு வறுத்து உடைத்த வேர்க்கடலை. இவை 18 செ.மீ. வட்டத் தட்டு ஒன்றுக்குச் சரியான அளவு.

பனைவெல்லத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மத்திய பர்மாவில் பாகான், ஞாவுங்ஊ பக்கத்துப் பனைகளிலிருந்து வரும் வெல்லம் நம் ஊர்க் கருப்பட்டிக்குச் சற்றும் குறைந்ததன்று. கொக்கோவின் கசப்போடு அது சேரும் சுவை வெள்ளைச் சர்க்கரையில் வருவதில்லை. ஆனால் அதுவும் சர்க்கரைதான். வெல்லம் என்பதற்காக நீரிழிவு உள்ளவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம் என்று எண்ணிவிடக் கூடாது. என் தாயாருக்கு இரண்டு விரல் அகலத் துண்டு ஒன்றுக்குமேல் நான் கொடுப்பதில்லை. இந்தப் பிரௌனியின் நன்மை கேழ்வரகில் இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. மைதாவில் நீக்கப்பட்டுவிடும் நார்ச்சத்து இதில் அப்படியே இருக்கிறது.

மாவு தயாரித்தல்

கேழ்வரகு மாவை வெறும் வாணலியில், சிறு தீயில், பச்சை வாடை நீங்கி மணம் வரும்வரை ஐந்து அல்லது ஆறு நிமிடம் வறுத்து ஆறவிடுங்கள். வெல்லத்தைத் தட்டி, 75 மில்லி நீரில் கரைத்து, கட்டாயம் வடிகட்டுங்கள். மணலும் பனைநாரும் வண்டலாக இறங்குவதை நீங்களே பார்ப்பீர்கள். நீருக்குப் பதிலாகப் பாலில் கரைத்தால் சில நேரம் பால் திரிந்துவிடும் என்பதால் நான் பாலைச் சேர்ப்பதே இல்லை. வெண்ணெயை உருக்கி, அது சூடாக இருக்கும்போதே கொக்கோத் தூளைக் கொட்டிக் கலந்தால், தூளின் மணம் நன்றாக விரியும். பிறகு வெல்லக் கரைசல், தயிர், உப்பு ஆகியவற்றைச் சேர்த்து, விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் முட்டைகளை ஒவ்வொன்றாக அடித்துக் கலக்க வேண்டும். சூடு தணியுமுன் ஊற்றினால் முட்டை திரண்டு பொரியலாகிவிடும்.

இப்போது கேழ்வரகு மாவைச் சேர்த்து நன்றாக அடியுங்கள். மைதாவை அதிகம் அடித்தால் பலகாரம் இறுகும் என்பார்கள். மைதாவை இழுபடச் செய்யும் குளூட்டன் என்ற புரதம் கேழ்வரகில் இல்லாததால் அந்தக் கவலை வேண்டியதில்லை. மாறாக, அடித்த மாவை மூடி அரை மணி நேரம் வைத்திருப்பது மிகவும் அவசியம். கேழ்வரகின் தவிடு நீரை மெதுவாகத்தான் உறிஞ்சும்; இந்த ஓய்வு இல்லாவிட்டால் பிரௌனி பல்லில் நறநறவென்று கடிபடும். ஓய்வு முடிந்தபின், அடுப்புக்குப் போகும் நேரத்தில்தான் பேக்கிங் பவுடரைச் சலித்துச் சேர்க்க வேண்டும். எண்ணெய் தடவி, வெண்ணெய்த்தாள் விரித்த தட்டில் ஊற்றி, வேர்க்கடலையைத் தூவிக்கொள்ளுங்கள்.

அடுப்பும் தணலும்

கனமான அலுமினியப் பானையே இதற்கு ஏற்றது. ஒட்டாத பூச்சு உள்ள பாத்திரத்தை வெறுமையாகச் சூடேற்றினால் பூச்சு கெட்டு நச்சுப்புகை வரும். குக்கரை நீரில்லாமல் ஏற்றினால் அதன் அடி வளைந்து பிறகு சமையலுக்கே உதவாமல் போகும். இரண்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பானையின் அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கழுவிக் காயவைத்த ஆற்றுமணலைப் பரப்பி, அதன்மேல் ஒரு சிறு இரும்பு முக்காலியை வையுங்கள். பலர் உப்பைப் பயன்படுத்துகிறார்கள். மே முதல் அக்டோபர் வரை நீளும் எங்கள் மழைக்காலத்தில் உப்பு ஈரம் ஏறி, சூட்டில் வெடித்துத் தெறிக்கிறது. மணலில் அந்தத் தொல்லை இல்லை.

கரி நன்றாகக் கனன்று, மேலே வெண்சாம்பல் பூத்தபின்தான் வேலையைத் தொடங்க வேண்டும். புகையும் கரியை வைத்தால் பிரௌனி முழுவதும் புகை நாறும். மூடிய பானையைப் பத்து நிமிடம் முன்கூட்டியே சூடாக்கி, தட்டை இடுக்கியால் இறக்கி முக்காலியில் வையுங்கள். எலுமிச்சையளவு கங்குகளாகக் கணக்கிட்டால், அடியில் ஏழெட்டும் மூடியின்மேல் பதினான்கும் என்பது என் அளவு. மேலே இரண்டு பங்கு, கீழே ஒரு பங்கு என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். அடுப்புக்கு அடுப்பு எண்ணிக்கை மாறும்.

மூடி தட்டையாக, விளிம்பு உயர்ந்த தட்டாக இருக்க வேண்டும். அதைத் திறக்கும்போது சாய்த்துவிட்டால் சாம்பல் முழுவதும் பிரௌனியின்மேல் கொட்டிவிடும். இரு கையாலும் இடுக்கி பிடித்து நேராக மேலே தூக்குங்கள். 15 நிமிடத்தில் மேல் தணலைப் புதுப்பித்து, 30 நிமிடத்தில் முதல்முறையாகத் திறந்து பாருங்கள். நடுவில் ஈர்க்குச்சி குத்தினால் ஈரமான துகள்கள் ஒட்டி வர வேண்டும்; சுத்தமாக வந்தால் ஏற்கெனவே சற்று அதிகமாக வெந்துவிட்டது, மாவாகவே வந்தால் இன்னும் ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும்.

எரியும் கரியைக் கதவும் சன்னலும் சாத்திய அறையில் ஒருபோதும் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, உயிரையே பறித்துவிடும். மாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் பின்கட்டில், காற்று நன்றாக ஓடும் இடத்தில் மட்டும் செய்யுங்கள்.

வெந்த பிரௌனியைச் சூட்டோடு வெட்டினால் கட்டாயம் உதிரும். குளூட்டன் இல்லாத மாவைத் தாங்குவது முட்டையும், ஆறும்போது இறுகும் மாவுச்சத்தும்தான். ஆகவே குறைந்தது இரண்டு மணி நேரம் தட்டிலேயே ஆறவிடுங்கள். மறுநாள் காலையில் சுவை இன்னும் கூடியிருக்கும். காற்றுப்புகாத டப்பாவில் இரண்டு நாள் வைத்திருக்கலாம். எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் அதற்குமேல் வைத்திருப்பது நல்லதல்ல.

பிறகு சேர்த்தவை

இதைப் படித்துச் செய்து பார்த்த சிலர் கேட்டவற்றுக்கு இங்கே விடை சொல்கிறேன்.

மோல்மேனிலிருந்து ஒரு சகோதரி, எரிவாயு அடுப்பு மட்டும் உள்ளவர்கள் மேல் தணலுக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தார். முதலில் நான் மூடியில் துணி கட்டும் முறையைத்தான் சொன்னேன். துணி ஆவியை உறிஞ்சிக்கொள்வதால் நீர் சொட்டாது, ஆனால் மேல் ஏடு வராது. அதைவிட நல்ல வழியைப் பின்னர் கண்டேன். கனமான இரும்புத் தோசைக்கல்லைத் தனியாக வேறோர் அடுப்பில் நன்றாகக் காயவைத்து, தட்டையான மூடியின்மேல் ஏற்றி வையுங்கள். பாதி நேரத்தில் ஒருமுறை மீண்டும் காயவைத்து ஏற்றுங்கள். இவ்வாறு செய்யும்போது துணி கட்டக் கூடாது, தீப்பிடித்துவிடும். பிளாஸ்டிக் குமிழ் உள்ள மூடியும் ஆகாது.

சோறு வடிக்கும் மின்குக்கரில் செய்யலாமா என்றும் கேட்டார்கள். பாத்திரத்தின் அடிச்சூடு நூறு பாகையைத் தாண்டியதும் அது தானே அணைந்துவிடும்படி அமைந்தது. பலமுறை அழுத்தி அழுத்தி ஏற்ற வேண்டியிருக்கும்; கிடைப்பது ஆவியில் வெந்த கேக் போன்ற ஒன்று, பிரௌனி அன்று.

கம்பு மாவில் செய்தவர் ஒருவருக்குக் கசந்துவிட்டது. கம்பில் கொழுப்பு அதிகம் என்பதால் அரைத்த மாவு சில வாரங்களிலேயே சிக்கடித்துப்போகும். முகர்ந்து பார்த்து, புதிதாக அரைத்ததை மட்டும் பயன்படுத்துங்கள். மேல் பர்மாவில் விளையும் சோளத்தை மாவாக்கிச் செய்தால் கரகரப்பு அதிகம், ஆகவே ஓய்வு நேரத்தை ஒரு மணியாகக் கூட்ட வேண்டும்.

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் முட்டை சேர்க்காதவர்கள், ஒரு முட்டைக்கு ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி நீரில் ஊறவைத்துச் சேர்க்கலாம். கோயிலில் படைத்து வரும் பீஜான் என்ற பர்மிய வகை வாழைப்பழத்தை மசித்துச் சேர்ப்பதும் உண்டு. அப்போது வெல்லத்தை 7 கியத்தாவாகக் குறைத்து, வேகும் நேரத்தை ஏழெட்டு நிமிடம் கூட்டி, முழு இரவும் ஆறவிட்டபின் வெட்டுங்கள்.