ஓநாய்க் கூட்டக் காதல் தொடருக்கு ‘முற்றும்’ போடுவது எப்படி?

“அடுத்த யூடி (அப்டேட்) எப்போ சிஸ்?” என்று கேட்டவங்களே ஒரு நாள் “எப்போ முடியும் சிஸ்?” என்று கேட்க ஆரம்பிப்பாங்க. அப்போ முடிச்சுடணும். ஆனா ஆல்ஃபா (கூட்டத் தலைவன்), மேட் (விதி சேர்த்து வச்ச ஜோடி), பேக் (ஓநாய்க் கூட்டம்) என்று மூணு பாகம் இழுத்த கதையை முடிக்கிறது, ஆரம்பிக்கிறதை விடக் கஷ்டம். முதல் தடவை நான் நல்லா சொதப்பினேன். அதனாலதான் இந்தப் பதிவு.

என் கதையில் பௌர்ணமிக்கு ஓநாயா மாறுற மனுஷங்க கூட்டம் பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டுல இருக்கு. ஹீரோயின் கயல் கடலூர் தேவனாம்பட்டினத்துப் பொண்ணு. “கடலூர்ல ஏது ஓநாய்?” என்று கேட்பாங்க. நம்ம கரையில நரிதான். இருந்தா என்ன? மாணிக்கவாசகருக்காக நரி பரியாகி, ராத்திரியே திரும்ப நரியாகி ஊளையிட்ட கதையைக் கேட்டு வளர்ந்தவங்க நாம. அவர் கடைசியா வந்து சேர்ந்ததும் தில்லைக்குத்தான். உருமாற்றம் நம்ம வாசகருக்குப் புதுசே இல்லை, தைரியமா எழுதுங்க.

முதல் வேலை: கடன் நோட்டு

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்க. முதல் பாகம் முதல் எபியிலிருந்து (எபிசோட்) உங்க கதையை நீங்களே படிங்க. இதுக்குச் சோம்பல் பட்டா மிச்சம் எதுவும் உதவாது. படிக்கப் படிக்க, வாசகருக்கு எதையெல்லாம் காட்டி ஆசை ஏத்தினீங்களோ அதையெல்லாம் இடது பக்கத்துல எழுதுங்க: கையில கொடுத்த பொருள், போட்ட சபதம், கோவிச்சுக்கிட்டுப் போன ஆள், பதில் சொல்லாத கேள்வி. எந்த எபியில அடைக்கப் போறீங்க என்று வலது பக்கத்துல குறிங்க.

நான் இதைச் செய்யலை. கடைசி எபியில கல்யாணம் வச்சேன், ‘சுபம்’ போட்டேன், நிம்மதியா தூங்கினேன். காலையில முதல் கமெண்ட்: “கல்யாணம் எல்லாம் சரி சிஸ், அந்தப் பாட்டி கொடுத்த சங்கு என்னாச்சு?”

முதல் பாகம் நாலாவது எபி. கயலோட பாட்டி முந்தானையில முடிஞ்சு வச்சிருந்த சங்கை எடுத்துக் கொடுத்து, “உசிரு போற நேரத்துல மட்டும் ஊது கண்ணு” என்று சொல்லியிருந்தாங்க. அதுக்கப்புறம் இருநூறு எபி ஓடிப்போச்சு. ஒருத்தரும் ஊதலை. கயலுக்கு அதுக்குள்ள நாலு தடவை உசிரு போகப் பார்த்துச்சு!

எல்லாக் கடனுக்கும் ஒரு முழு சீன் வேண்டாம். நெய்வேலிக்குப் போன மாமாவுக்கு ஒரு போன் வந்தா போதும். சித்தியோட நில வழக்கை விட்டுடலாம். நிஜத்துலயே அது தலைமுறை தாண்டும், கதையில என்ன அவசரம்? சில்லறைக் கடனை எல்லாம் கடைசிக் கால் பாகத்துல பரவலா அடைச்சுட்டு வாங்க. முதல் எபியில கேட்ட கேள்வியை மட்டும் கடைசி எபிக்கு வைங்க.

அடுத்தது: நாள்காட்டியைக் கழட்டி மேசையில வைங்க

பௌர்ணமிக்கும் பௌர்ணமிக்கும் நடுவுல இருபத்தொன்பதரை நாள். நான் இரண்டாம் பாகத்தைப் பௌர்ணமியில முடிச்சு, மூணாம் பாகத்தைப் “பத்து நாள் கழித்து” என்று தொடங்கி, அதே வாரம் ஹீரோவை மறுபடி உருமாற்றிட்டேன். மாசாமாசம் திருவண்ணாமலை கிரிவலம் போற வாசகிகள் விடுவாங்களா?

இன்னொண்ணு, நிறையப் பேர் எழுதுற வரி: ‘நள்ளிரவில் கடலிலிருந்து முழுநிலா எழுந்தது.’ எழாது. முழுநிலா சூரியன் சாயுற நேரத்துக்குக் கிழக்கே வரும், நடுராத்திரியில உச்சியில நிக்கும், விடியும்போது மேற்கே இறங்கும். நம்ம ஊர்ல கிழக்கே கடல் என்பதால, சாயங்காலம் சில்வர் பீச்சுல சுண்டல் சாப்பிட்டுக்கிட்டே அது எழுறதைப் பார்க்கலாம். நள்ளிரவுதான் வேணும்னா அது தேய்பிறை எட்டாம் நாள் பக்கம் வர்ற அரை நிலா. (ஓநாய் மனுஷனுக்கு வெள்ளி ஆகாது என்பாங்க. நம்ம பீச்சுக்குப் பேரே சில்வர். இதை வச்சு ஹீரோவை ஒரு தடவையாவது கிண்டல் பண்ணாம விடாதீங்க.)

தூரத்தையும் கணக்குப் பாருங்க. பிச்சாவரத்திலிருந்து தேவனாம்பட்டினம் ரோடு வழியா ஐம்பது கிலோமீட்டர் பக்கம். ஓநாய் சீரா ஓடினா மணிக்கு எட்டு கிலோமீட்டர் போகும். நடுவுல வெள்ளாறு, கெடிலம். பாய்ஞ்சு வந்தாலும் ராத்திரி பூரா ஆகும். என் ஹீரோ அரை மணியில வந்து குதிச்சான். திருத்தி எழுதினப்போ அவனை விடிய விடிய ஓடவிட்டேன். பாதம் கிழிஞ்சு வந்து நின்னவனைத்தான் வாசகருக்குப் பிடிச்சது.

முக்கியமான வேலை: பந்தத்தை அறுத்துடுங்க

இந்த வகைக் கதையோட பலமும் பலவீனமும் மேட் பந்தம்தான். வாசம் பிடிச்சதும் ‘இவதான்’ என்று விதி சொல்லிடும். முதல் பாகத்துக்கு அது ருசி. முடிவுல அதையே நம்பினா, ரெண்டு பேரும் எதையுமே தேர்ந்தெடுக்கலை என்றாகிடும். அதனால கடைசிக்கு மூணு எபி முன்னாடி அந்தப் பந்தத்தை உடைச்சுடுங்க. சாபமோ காயமோ, காரணம் உங்க இஷ்டம். அதுக்கப்புறமும் அவ நடந்து வரணும்.

நான் முதல்ல எழுதினது:

‘அவன் விழிகளைக் கண்டதும் அவளுள் பந்தம் தீயாய் எரிந்தது. “நீ எனக்கானவள்” என உறுமினான்.’

திருத்தினது:

‘உள்ளே எதுவும் இழுக்கவில்லை. கருவாட்டு வாடை மட்டும் வந்தது. வாசலில் நின்றவன் முழங்கால் வரை சேறு. இடது காலை ஊன்றாமல் நின்றான். “சாப்பிட்டியா?” என்றாள். இல்லை என்று தலையாட்டினான். “வா. சுறாப்புட்டு இருக்கு.”’

இரண்டாவதுல காதல் என்ற சொல்லே கிடையாது. அந்தப் புட்டுக்கு வந்த கமெண்ட் முத்தத்துக்குக்கூட வந்ததில்லை.

பேக்கை மறக்காதீங்க

ஜோடி சேர்ந்தா கதை முடிஞ்சது என்று நினைக்காதீங்க, பேர்லயே கூட்டம் இருக்கே. ஆல்ஃபா என்ற எண்ணம் பரவினதே 1947-ல ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் அடைப்புல இருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதினதிலிருந்துதான். அதை 1970-ல தன் புத்தகத்துல எடுத்துச் சொன்ன ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், 1999-ல அவரே மாத்தி எழுதினார்: காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, அவங்க குட்டிகள். அதாவது குடும்பம்.

குடும்பம் என்றா நமக்குச் சொல்லியா தரணும்? பங்காளிச் சண்டை, மச்சான் முறுக்கு, பேசாம இருக்கிற பெரியப்பா, எல்லாம் கைவசம் இருக்கு. அடுத்த தலைமை யாருக்கு, மனுஷப் பொண்ணு கயலைக் கூட்டத்துல யார் முறை சொல்லிக் கூப்பிடுறாங்க, விலகிப் போன தம்பி திரும்பி வந்தா இலையில சோறு விழுமா. இதையெல்லாம் பேசி முடிங்க. என் கதையில் ஹீரோவோட அக்கா இருநூறு எபியா கயலை “அவ” என்றுதான் சொல்லுவா. கடைசியில “தம்பி பொண்டாட்டி, தண்ணி கொண்டா” என்று ஒரு வரி. கூட்டம் ஏத்துக்கிட்டதுக்கு அதுவே சடங்கு.

வில்லன்

சீக்கிரம் முடிங்க. வெள்ளிக் குண்டு எல்லாம் இறக்குமதி பண்ண வேண்டாம். பிச்சாவரத்துல தில்லை மரம் இருக்கு. அதோட பால் கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து. முதல் பாகத்துலயே படகுக்காரர் வாயால ஒரு எச்சரிக்கையைப் போட்டு வச்சா, கடைசியில கிளை ஒண்ணு ஒடிஞ்சா போதும்.

எபிலாக்

கதை முடிஞ்சப்புறம் வர்ற இந்தப் பின்கதை ஒரு எபி, அதுக்கு மேல வேண்டாம். ‘ஐந்து வருடம் கழித்து, இரட்டைக் குழந்தைகள்’ வேண்டவே வேண்டாம். இதுவரை வராத ஒரு பகல் பொழுதைக் காட்டுங்க. ராத்திரிக் கதைக்கு வெயில் நல்ல முடிவு.

நான் மாசி மகத்தை எடுத்துக்கிட்டேன். சுத்துப்பட்டு ஊர்ச் சாமிகள் எல்லாம் தேவனாம்பட்டினத்துக் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வந்திருக்கு. மேளம், பலூன், கரும்புச்சாறு, கால் வைக்க இடமில்லை. சாமிக்கு முன்னாடி ஆளாளுக்குச் சங்கு ஊதுறாங்க. கயலும் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பாட்டியோட சங்கை எடுத்து ஊதுறா. உசிரு போற நேரம் இல்லை. அவ வயித்துல இன்னொரு உசிரு வந்திருக்கு. கூட்டத்துல யாரும் கண்டுக்கலை. பல்லக்கைத் தோள்ல சுமந்துக்கிட்டு இருந்த ஏழு பேர் மட்டும் ஒரே நேரத்துல தலையைத் திருப்புறாங்க.

மாத்திப் போட்ட அன்னைக்கு, சங்கைப் பத்திக் கேட்ட அதே வாசகி வந்தாங்க. “இப்ப சரி சிஸ். ஆனா நெய்வேலி மாமா போன்ல என்ன பேசினார்னு சொல்லவே இல்லையே?”