சத்தியம் வாங்காதீர்கள்: தற்கொலைத் தடுப்பில் நாம் செய்யும் தவறுகள்

போன மாதம் கோவில் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தேன். தற்கொலை எண்ணம் உள்ளவர்களின் வீட்டுக்குப் போய்ப் பேசும் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பையன்கள் மோட்டாரை நிறுத்திவிட்டுச் சிரித்த முகத்தோடு வந்தார்கள். "ஐயா, எல்லாம் சரியாயிடுச்சு. அம்மன் படத்துக்கு முன்னாடி நிக்க வச்சு சத்தியம் வாங்கிட்டோம். இனிமே அப்படி நினைக்கவே மாட்டாராம்" என்றான் ஒருவன். எனக்குச் சுருக்கென்றது. கோபம் அவர்கள் மேல் இல்லை. இதே சிரிப்போடு இதே மண்டபத்துக்குள் நான் நுழைந்த நாள் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்தவன் நான். காய்ச்சல், வெட்டுக்காயம், பாம்புக்கடி என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தோட்டம் கைமாறி, லயம் காலியாகி, சனங்கள் டவுனில் மலிவு விலை வீடுகளுக்கு வந்த பிறகுதான் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பேசும் இந்த வேலையில் இறங்கினேன். தற்கொலை என்பது ஏதோ ஒரு வீட்டுத் தலையெழுத்து என்றுதான் அப்போது நினைத்தேன். உலகத்தில் வருடத்துக்கு 7 லட்சம் பேருக்கு மேல் இப்படிப் போகிறார்கள். மலேசியாவின் 2009ஆம் ஆண்டு தற்கொலைப் பதிவேட்டில் லட்சம் பேருக்கு எத்தனை என்று இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களாகிய நாம்தான் முதல். 2022ல் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளிடம் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் 13.1 சதவீதம் பேர் அந்த எண்ணம் வந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். முப்பது பேர் உள்ள வகுப்பில் நாலு பேர். டிங்கிக் காய்ச்சல் மாதிரி, இதுவும் ஊரே சேர்ந்து பார்க்க வேண்டிய சுகாதார விஷயம்.

புதியவர்கள் பேசும்போது உளறுவது, நடுவில் போனை எடுப்பது எல்லாம் இரண்டு வீடு ஏறி இறங்கினால் தானே சரியாகிவிடும். அதை விட்டுவிடுகிறேன்.

சத்தியம் வாங்குவது

லாரி ஓட்டுகிற அண்ணன் ஒருவர். வட்டிமுதலையிடம் வாங்கிய கடன், அதை மறக்கக் குடி, குடியால் போன வேலை, வீட்டில் சண்டை. ஒருமுறை முயன்று பிழைத்து வந்திருந்தார். நான் போனேன், இரண்டு மணி நேரம் பேசினேன், அழுதார். கடைசியில் சூடம் ஏற்றி, மகள் தலையில் கைவைத்து இனி இப்படிச் செய்ய மாட்டேன் என்று சொல்லவைத்தேன். அவர் மனைவி என் காலில் விழப்போனார். நான் ஏதோ பெரிய காரியம் சாதித்தவன் போல வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன். அப்புறம் ஆறு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. எதற்குப் போக வேண்டும், அதுதான் சத்தியம் இருக்கிறதே!

இரண்டாம் முறையும் முயன்றார். இரண்டாம் முறையும் பிழைத்தது என் நல்ல காலம். வார்டில் கட்டில் ஓரம் உட்கார்ந்து, ஏண்ணே எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே என்று கேட்டேன். அவர் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது: "உங்ககிட்ட வர்றதுக்குத்தான் மோட்டார எடுத்தேன் டிரெசரே. பாதி வழியில ஞாபகம் வந்துச்சு, மக தலையில கைய வச்சுச் சொல்லியிருக்கேனேன்னு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது?"

புரிகிறதா? அந்த எண்ணம் காய்ச்சல் மாதிரி, போய்ப் போய் வரும். வராது என்று சத்தியம் வாங்கிவிட்டால், மறுபடி வரும்போது அதை வெளியே சொல்ல ஆளுக்கு வாய் இருக்காது. பிள்ளை தலையில் அடித்த சத்தியத்தை மீறிய பாவி என்ற பாரமும் சேர்ந்துகொள்ளும். திறந்திருந்த ஒரே கதவை நானே சாத்திவிட்டு வந்திருக்கிறேன். சத்தியத்தால் நிம்மதி யாருக்கு என்று யோசித்துப் பாருங்கள். வாங்கியவனுக்குத்தான். இது நம் சூடம் சாம்பிராணிப் பழக்கம் மட்டும் இல்லை, மேல்நாட்டு ஆஸ்பத்திரிகளிலும் ஒப்பந்தம் மாதிரி எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அதனால் உயிர் பிழைக்கிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று கைவிட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாம் மட்டும் இன்னும் விடமாட்டேன் என்கிறோம், அதுதான் எரிச்சல்.

பலன் தருவது எது தெரியுமா? திரும்பப் போவது. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நாட்டு ஊர்களில், முயன்று பிழைத்து ஆஸ்பத்திரிக்கு வந்த 1,867 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தது. முடிவு 2008ல் வந்தது. ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இன்னொரு பாதிக்கு அதோடு ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு 18 மாதத்துக்குள் ஒன்பது தடவை போனிலோ நேரிலோ விசாரிப்பு. முதல் பாதியில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையில் இறந்தார்கள், இரண்டாம் பாதியில் 0.2. விசாரித்தவர்கள் மந்திரம் எதுவும் போடவில்லை. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள், மறுபடியும் கேட்டார்கள்.

லாரிக்கார அண்ணன் வீட்டில் இரண்டாம் தடவை சூடம் ஏற்றவில்லை. பள்ளி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அவர் கையில் கொடுத்தேன். எண்ணம் வரப்போகிறது என்று எப்படித் தெரியும் (தூக்கம் போகும், நெஞ்சில் கல் வைத்தது போல இருக்கும் என்று எழுதினார்), அப்போது எங்கே போய் உட்காரலாம், யாரைக் கூப்பிடலாம், வீட்டிலிருந்து எதை அப்புறப்படுத்த வேண்டும். எல்லாம் அவர் கையெழுத்தில். ஆட்கள் வரிசையில் மூன்று பெயர், மூன்றாவது ஒட்டுக்கடைக்காரர். அதற்குக் கீழே மனசு விட்டுப் பேச பிஃபிரெண்டர்ஸ் உதவி எண் 03-7627 2929, சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555, உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 999. தாளை குதிரைக் காலண்டருக்குப் பின்னால் செருகினார். காலண்டரில் வியாழக்கிழமையை நான் பேனாவால் வட்டம் போட்டேன், மறுபடி வரும் நாள். வியாழக்கிழமை போனேன். அதுதான் முக்கியம்.

வாய்விட்டுக் கேட்கப் பயப்படுவது

கேட்டால் எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று பயம். இல்லை. "சாகணும்னு தோணுதாண்ணே?" என்று அமைதியாக, நேராகக் கேட்கலாம். பெரும்பாலும் பெருமூச்சுதான் முதலில் வரும். பதில் பிறகு வரும், அதுவரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

"சும்மா மிரட்டுறான்"

முன்பு ஒருமுறை முயன்றவருக்குத்தான் ஆபத்து அதிகம். மிரட்டல் என்று சொன்னவர்களைத் துக்க வீட்டில் பார்த்திருக்கிறேன்.

காதல் தோல்வி, கடன் என்று ஒரே காரணத்தில் முடிப்பது

ஒன்றால் நடப்பதில்லை. மன அழுத்த நோய், குடி, தீராத வலி, தனிமை, அவமானம், கடன் என்று அடுக்கிக்கொண்டே வந்து, கடைசியாக விழுந்த ஒன்றின் பெயரைத்தான் ஊர் சொல்கிறது.

போலீசுக்குப் பயந்து மறைப்பது

"கேஸ் ஆயிடும்" என்று ஆஸ்பத்திரியில் பொய் சொல்லி, மனநல டாக்டரைப் பார்க்காமலே வீட்டுக்கு அழைத்து வந்துவிடுகிறார்கள். முன்பு அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. குற்றவியல் சட்டம் 309ஆம் பிரிவில் ஒரு வருடம் வரை சிறை, அபராதம் என்று இருந்தது. 2023ல் நாடாளுமன்றம் அதை நீக்கிவிட்டது. இனி முயன்றவர் குற்றவாளி இல்லை, நோயாளி. டாக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள்.

பூச்சிமருந்து ஸ்டோர் சாவியை ஆணியில் மாட்டுவது

புதியவர்கள் மனசைப் பற்றியே பேசுவார்கள், பூட்டைப் பற்றிப் பேச மாட்டார்கள். அந்த நினைப்பின் உச்சம் பலருக்குச் சில நிமிடம், சில மணி நேரம்தான். அந்த நேரத்தில் கைக்கு எட்டவில்லை என்றால் பெரும்பாலானோர் வேறு வழி தேடிப் போவதில்லை. இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு, 1995ல் இருந்த தற்கொலை விகிதம் இருபது வருடத்தில் எழுபது சதவீதம் போலக் குறைந்தது. இங்கேயும் 2020 தொடக்கத்தில் கொடிய களைக்கொல்லி ஒன்றைத் தடை செய்தார்கள். மிச்சம் நம் பூட்டில் இருக்கிறது. தோட்டத்து மருந்தை வீட்டுக்குப் பின்னால் வைக்காதீர்கள், வீட்டு மாத்திரைகளையும் கொஞ்ச நாளைக்கு வேறொருவர் பொறுப்பில் கொடுங்கள்.

"தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவோம்" என்று கிண்டல்

வேண்டாம். அது மனநல ஆஸ்பத்திரி இருக்கும் ஊர், அங்கே வேலை செய்பவர்களால் உயிர் பிழைத்து வந்தவர்களை எனக்குத் தெரியும்.

எப்படி நடந்தது என்று வாட்சாப்பில் பரப்புவது

படத்தை அழியுங்கள். குரல் பதிவையும்.

பதினாறாம் நாளோடு நிறுத்துவது

கருமக்கிரியை வரை வீடு நிறைய ஆள், பிறகு ஈ காக்கா இல்லை. அந்த வீட்டில் மிஞ்சியிருப்பவர்களுக்குத்தான் இனி ஆபத்து. எங்கள் பட்டியலில் இப்போது அப்படி நாலு வீடு. பையன்கள் சத்தியம் வாங்கிய வீட்டுக்கும் அவர்களையே மறுபடி அனுப்பினேன், நோட்டும் பேனாவும் கொடுத்து. சனிக்கிழமைகளில் ஆள் பற்றவில்லை. மோட்டார் உள்ளவர்கள் ஐந்து மணிக்கு மண்டபத்துக்கு வாருங்கள்.