சைக்கிளில் நெல்லைப் பக்கமா? தென்காசிக்கு முதலில் போங்கள்

ஜூன் முதல் செப்டம்பர் வரை மதுரையிலிருந்து சைக்கிளில் சொந்தக்காரர் வீடுகளுக்கு வருபவர்கள், கோவில்பட்டி வழியைவிட ராஜபாளையம், கடையநல்லூர் வழியாக முதலில் தென்காசிக்கு வந்துவிடுங்கள். அங்கே சித்தி வீட்டில் தங்கிவிட்டு, பாவூர்சத்திரம், ஆலங்குளம் உறவுகளைப் பார்த்தபடி கிழக்கே திருநெல்வேலிக்கு இறங்கலாம்.

தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பாய்ந்து கிழக்கே அடிக்கும். எதிர்த்து மிதித்தால் கால் ஓய்ந்துவிடும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் அதே காற்று தள்ளிக்கொண்டு போகும். தென்காசி வரும்வரை வலப்பக்கக் காற்று இருக்கும், அதனால் விடியலிலேயே கிளம்புங்கள். சாரலுக்கு ஒரு மழைக்கோட்டும் வேண்டும்.

அக்டோபருக்குப் பிறகு வடகிழக்குக் காற்று. அப்போது இந்தக் கணக்கு செல்லாது.