கொர்நேலியுவின் வீட்டு வாசல்: ஜெபக்கூட்டத்தில் அப்போஸ்தலர் 10 நடத்துவது எப்படி?

புறஜாதியாருக்கு இரட்சிப்பின் வாசல் திறந்ததைச் சொல்லித்தர அப்போஸ்தலர் 10-ம் அதிகாரமும் 11:1-18-ம் போதும். மொத்தம் 66 வசனங்கள். நான்கு பேர் மாறி மாறிச் சத்தமாக வாசித்தால் பன்னிரண்டு நிமிஷத்துக்குள் முடியும். நேரமில்லை என்று வாசிப்பைக் குறைத்துவிட்டுப் பிரசங்கத்தை நீட்டாதீர்கள்.

வாசிக்கும் முன்பே ஒரு சொல்லைத் தெளிவாக்குங்கள். பழைய மொழிபெயர்ப்பில் 'புறஜாதியார்' என்றால் யூதரல்லாத மக்களினங்கள். சென்னையில் ஜாதி என்றதும் மனசு வேறெங்கோ போய்விடும். யாரிடமாவது புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இருந்தால் 10:45-ஐ இரண்டிலும் வாசிக்கச் சொல்லுங்கள், வேறுபாடு தானாகப் புரியும்.

அடுத்து நாட்களை ஒரு தாளில் எழுதுங்கள். முதல் நாள் ஒன்பதாம் மணி, அதாவது பிற்பகல் மூன்று மணிக்கு, செசரியாவில் யூதரல்லாத ரோம நூற்றுக்கு அதிபதி கொர்நேலியு, பேதுருவை அழைப்பிக்கச் சொல்லும் தரிசனம் காண்கிறான். மறுநாள் உச்சிவேளையில் யோப்பாவில் பேதுரு வீட்டின்மேல் ஜெபிக்கிறான். அழைக்க வந்த ஆட்களோடு மூன்றாம் நாள் பேதுரு புறப்பாடு, நான்காம் நாள் செசரியா. கூடப்போன சகோதரர் ஆறு பேர் (11:12). பின்னால் எருசலேமில் கேள்வி எழுந்தபோது அவர்கள்தான் சாட்சிகள்.

பேதுரு தங்கியிருந்த வீட்டில் கொஞ்சம் நில்லுங்கள். அது தோல் பதனிடுகிற சீமோனின் வீடு. குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் தோல் ஷாப்பைக் கடந்து போனவர்களுக்கு அந்த வாடையை விளக்க வேண்டியதில்லை. செத்த மிருகங்களைத் தொடும் தொழில் என்பதால் யூதர்கள் ஒதுங்கி நின்ற வீட்டில்தான் அப்போஸ்தலன் தங்கியிருக்கிறான். செசரியாவுக்குக் கிளம்பும் முன்பே கதவு பாதி திறந்துவிட்டது.

வீட்டின்மேல் ஜெபித்தபோது பேதுரு தரிசனத்தில் கண்டது, எல்லாவித மிருகங்களோடும் வானத்திலிருந்து இறங்கிய ஒரு துப்பட்டி; 'அடித்துப் புசி' என்ற சத்தமும் கேட்டது. அந்தத் துப்பட்டியைக் காட்ட ஒரு டபுள் பெட்ஷீட் போதும். நாலு பேர் நாலு முனையைப் பிடித்து மூன்று தரம் இறக்கி ஏற்றட்டும். ஆனால் பலரும் வழுக்குவது இங்கேதான். எதைச் சாப்பிடலாம் என்று பேச்சு திரும்பி அரைமணி நேரம் போய்விடும். உடனே 10:28-க்கு வாருங்கள். எந்த மனுஷனையும் தீட்டுள்ளவன் என்று சொல்லக்கூடாது என்பதே தரிசனத்தின் பொருள் என்று பேதுருவே சொல்கிறான். 'தீட்டு' என்ற அந்தச் சொல்லை மழுப்பாமல் வாசியுங்கள். தமிழ் வீடுகளில் அதன் கனம் எல்லோருக்கும் தெரியும்.

பிறகு 10:44-48-ன் வரிசையைக் கேள்வியாகக் கேளுங்கள்: முதலில் வந்தது எது? பேதுரு பேசிக்கொண்டிருக்கும்போதே பரிசுத்த ஆவி இறங்குகிறார், ஞானஸ்நானம் பிறகுதான். யூதர்களின் அடையாளமான விருத்தசேதனம் (சுன்னத்து) கேட்கப்படவே இல்லை. இந்த வரிசை தலைகீழானால் பாடம் முழுக்கத் தப்பாகிவிடும்.

11:3-ஐக் கடைசிக்கு வையுங்கள். எருசலேமில் எழுந்த புகார் ஞானஸ்நானத்தைப் பற்றியதல்ல, 'அவர்களோடே போஜனம்பண்ணினீர்' என்பதுதான். 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் தென்னிந்தியச் சபைகளுக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று எழுதியபோது கடும் எதிர்ப்பு வந்ததை இங்கே சொல்லலாம். யூத விலக்கும் நம் ஊர்ச் சாதியும் ஒன்று என்று சொல்லிவிடாதீர்கள், வேர்கள் வேறு. பந்தியில் உட்காரும்போது வரும் தயக்கம்தான் ஒன்று.

இதே விஷயத்தைப் பேச எருசலேமில் சபைத் தலைவர்கள் கூடிய ஆலோசனைக் கூட்டத்தை (அதிகாரம் 15) அதே நாளில் திணிக்க வேண்டாம். அடுத்த வாரம் அதையும் கலாத்தியர் 2:11-14-ஐயும் சேர்த்து எடுங்கள். அந்தியோகியாவில் இதே பேதுரு பந்தியிலிருந்து விலகிய இடம் அது.